பத்தொன்பது மீட்டர்

மாரிட்சாவுக்குக் கடலைக் கண்டு பயம் வந்தது கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து. அதுவும் கடலே கண்ணில் படாத ஒரு வகுப்பறையில், ஒரு சனிக்கிழமை காலையில். அதுவரை அவள் புருஷன் நொல்பெர்த்தோ காலையில் ரப்பர் உடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு சால்மன் மீன் பண்ணைக்கு முக்குளிக்கப் போவான். மத்தியானத்துக்கு மேல் உதடு நீலம் பாரித்துத் திரும்புவான். இவள் கடல்சிப்பி போட்ட சூப்பைச் சூடாக ஊற்றி முன்னால் வைப்பாள். எங்கள் தீவின் லின்கே கரையில் பாதி வீடுகளில் அதுதான் வாழ்க்கை. யாரும் அதைப் பற்றித் தனியாக யோசித்ததில்லை.

அவள் மகள் அனயீஸுக்கு ஞானஸ்நானத்தில் நான்தான் ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் பெயர் எல்பா. சிப்பிகளை அவித்து ஓடு நீக்கும் ஆலையில் ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். மாரிட்சா சால்மன் பண்ணையின் கரை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். இரண்டு பேருக்குமே பதவி உயர்வு வேண்டுமானால் நிர்வாகப் படிப்பு ஒன்று முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் பழைய வண்டியில் சனிக்கிழமைதோறும் காஸ்த்ரோ நகரத்துக்குப் போனோம். டயர்க் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. மழை பெய்யாத சனிக்கிழமை அந்த வருஷத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பதினெட்டுப் பேருடைய ஈரக் கம்பளிச் சட்டைகளும் ஒரே அடுப்பின் சூட்டில் காய, அறை முழுக்க நனைந்த ஆட்டு மந்தையின் வாடை அடிக்கும்.

கணக்கியல் முடிந்து, சட்டம் முடிந்து, எங்கள் குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஒழுக்கவியல் தொடங்கியது. வணிகத்தில் எது சரி, எது தவறு என்ற பாடம். சுலபமாக மார்க் வாங்கலாம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆசிரியர் ரெனாத்தோவுக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது. வாராவாரம் படகில் தீவுக்கு வந்து போவார். எங்கள் சேற்றுக்குத் தோதில்லாத மெல்லிய ஷூ போட்டிருப்பார். முதல் வகுப்பிலேயே அந்த ஷூவைக் கழற்றி அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு நின்று பாடம் நடத்தினார்.

மூன்றாவது வாரம் பலகையில் மூன்று கோடு போட்டார்.

"ஒரு காரியம் சரியான்னு பார்க்க மூணு வாசல் இருக்கு. ஒண்ணு, அதால யாருக்கு என்ன நன்மை, என்ன கெடுதல்னு மொத்தமா கூட்டிப் பார்க்கறது. ரெண்டாவது, கூட்டலெல்லாம் அப்புறம்; மனுஷனை வெறும் கருவியா ஆக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, அது கடமைன்னு நிக்கறது. மூணாவது, இதையே தினமும் செஞ்சா நான் என்ன மாதிரி ஆளா ஆயிடுவேன்னு கேக்கறது."

வங்கியில் வேலை பார்த்த ஆரியெல் கை தூக்கினான். வாய் ஓயாத ஆள்.

"சார், ஆபத்தான வேலைன்னு தெரிஞ்சே ஒருத்தன் வர்றான். சம்பளம் வாங்கறான். கையெழுத்தும் போடறான். அவனுக்கு இல்லாத வலி நமக்கு எதுக்கு?"

"முழுசாத் தெரிஞ்சு கையெழுத்துப் போட்டானா?"

"தெரியாம என்ன, அவனென்ன குழந்தையா?"

"சரி, தெரியும்னு வச்சுக்குவோம். மாட்டேன்னு சொல்லிட்டு அவனால மறுநாள் சாப்பிட முடியுமா?"

"அது அவன் பாடு."

"அப்ப அவன் சம்மதிச்சான்னு நீங்க சொல்றது என்ன அர்த்தத்துல?" என்றார் ரெனாத்தோ. கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரிக் கேட்டார். ஆரியெல் சிரித்து மழுப்பினான். வகுப்பும் சிரித்தது.

பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார். "உங்க கையால வாரம் தவறாம செய்யற ஒரு காரியத்தை எழுதுங்க. அது யாரைத் தொடுதோ, அவர் முகத்துக்கு நேரா உங்களால அதைச் சொல்ல முடியுமான்னு பாருங்க."

நான் மாரிட்சாவைத் திரும்பிப் பார்த்தேன். நோட்டின் மேல் கையை விரித்து வைத்திருந்தாள், காற்றில் பறந்துவிடும் என்பது போல. முகம் வெளுத்துப் போயிருந்தது. குளிரில் அப்படி ஆகாது.

திரும்பி வரும்போது முதல் அரை மணி நேரம் கண்ணாடியில் மழையைத் துடைக்கும் பட்டையின் சத்தம் மட்டும்.

"கொமாத்ரே," என்றாள். "நான் ஆபீஸ்ல என்ன அடிக்கறேன்னு உனக்குத் தெரியுமா?"

"கடுதாசி அடிப்ப. வேற என்ன?"

"முக்குளிப் பதிவு அடிக்கறேன். கடல்ல இறங்கற ஒவ்வொரு குளிக்கும் யாரு, எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம்னு. படகுல மூச்சுக் குழாய் பிடிக்கறவன் ஈரச் சீட்டுல எழுதி அனுப்புவான். முப்பத்தி நாலு, முப்பத்தி ஆறுன்னு இருக்கும். நான் பத்தொம்பதுன்னு அடிப்பேன். எல்லாத்தையும் பத்தொம்பதுன்னே அடிச்சா சந்தேகம் வரும்னு ஒண்ணைப் பதினெட்டு, ஒண்ணைப் பதினெட்டரைன்னு மாத்தி மாத்தி அடிப்பேன். சீட்டை அடுப்புல போட்டுருவேன். நாலு வருஷமா."

நம்மூர் முக்குளிப்பவர்கள் வைத்திருக்கும் உரிம அட்டைக்கு இருபது மீட்டருக்குக் கீழே போக அனுமதியில்லை. அது எனக்கும் தெரியும். மீன் வளர்க்கும் கூண்டு வலைகளின் அடி அதற்கு வெகு கீழே தொங்குகிறது என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"எல்லாப் பண்ணையிலும் அப்படித்தான் இருக்கும், கொமாத்ரே. உன் மேனேஜர் வால்தெமார் சொன்னதைத்தானே செய்யற."

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சொன்னாரு. இருபதுக்கு மேல எழுதினா பசங்க வேலை போயிரும், அவங்களுக்கு நல்லது செய்யறதா நெனச்சுக்கோன்னு. அப்படித்தான் நெனச்சேன். இன்னைக்கு அந்தப் பையன் கேக்கறான், முகத்துக்கு நேரா சொல்ல முடியுமான்னு." மூச்சு வாங்கினாள். "அந்தத் தாள்ல நொல்பெர்த்தோ பேரை என் கையாலயே அடிக்கறேன். அவன் கீழ செத்துப் போனா, பத்தொம்பது மீட்டர்ல செத்துப் போனான்னு நான்தான் எழுதணும்."

அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் என் வாய் வேறு சொன்னது. "வீட்டுப்பாடத்துல இதையெல்லாம் எழுதித் தொலைக்காதே. வடக்கே பாலைவனத்துல எங்கேயோ ஒரு சுரங்கத்துல நடந்ததா எழுது."

அப்படியே எழுதினாள். நான் என் ஆலையில் தராசைத் தினமும் சரிபார்ப்பதாக ஒரு பொய்யை எழுதி ஏழுக்கு ஆறரை வாங்கினேன். அவள் தாளில் மார்க்கே இல்லை. கீழே பென்சிலால் ஒரு வரி: 'நன்றாக இருக்கிறது. ஆனால் பாலைவனச் சுரங்கத்தில் ஏற்றவற்றம் ஏது?' சுரங்கத்துக்குள் ஆட்கள் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவதாக எழுதிவைத்திருக்கிறாள், பாவி.

வகுப்பு முடிந்து ரெனாத்தோ எங்களிடம் வந்தார். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் யார்கிட்டயும் எதுவும் கேக்கப் போறதில்ல," என்றார். "பேசணும்னா பேசலாம்."

"அது சுரங்கம்தான் சார்," என்றாள் மாரிட்சா. படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் மீன் மாதிரிச் சில்லிட்டிருந்தன.

அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அலுவலகத்தின் ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கம்ப்ரசரின் சத்தம் தண்ணீர் மேல் வந்துகொண்டிருக்கும். அது நின்றால் இவள் எழுந்துவிடுவாள். மறுபடி தொடங்கினால் உட்காருவாள். அந்த இயந்திரந்தான் மஞ்சள் குழாய் வழியே கீழே அவனுக்கு மூச்சு அனுப்புகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் நான் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, பன்றிக் கொழுப்பு சேர்த்துத் தட்டி, அடுப்பில் சுட்டால் மில்காவ். நொல்பெர்த்தோ விறகடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே என்ற கசப்புத் தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தான். வலது கையால் இடது தோளை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"நேத்து எவ்வளவு ஆழம் போன?" என்றாள் மாரிட்சா.

"என்ன கறுப்பி, நீதானே அடிச்ச. பத்தொம்பது."

"விளையாடாதே."

"வலையோட அடி முப்பத்தி ஆறுல இருக்கு. செத்த மீனெல்லாம் அடியிலதான் கிடக்கும். என் அட்டையில இருபதுன்னு போட்டிருக்குன்னு மரியாதை பார்த்து மேல வந்து நிக்காது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "தோள் ஏன் வலிக்குது?"

"துடுப்புப் போட்டா வலிக்காதா? எங்கப்பனுக்கும் வலிச்சுது."

"உங்கப்பன் முப்பத்தி ஆறு மீட்டர் போகல. நொல்பே, நான் இனிமே நிஜத்தை அடிக்கட்டுமா?"

அவன் மாத்தேயைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "அடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? கடற்படை ஆபீஸ்லேருந்து வருவாங்க. என் அட்டை போகும். ஆறு பேர் அட்டையும் போகும். பெரிய அட்டை வச்சிருக்கறவனை வெளியூர்லேருந்து கொண்டு வருவாங்க. அப்புறம் நான் என்ன செய்ய? எல்பா ஆலையில பொம்பளைங்களோட உட்கார்ந்து சிப்பி உரிக்கவா?"

"உரிச்சா என்ன, கை தேய்ஞ்சுருமா?" என்றேன்.

"உன் வகுப்புல அந்தப் பையன் சொல்லிக் குடுக்கறது எல்லாம் சரியாத்தான் இருக்கும்," என்றான் அவளிடம், குரலை இறக்கி. "ஆனா அவனுக்குக் கரையில வேலை. எனக்குக் கீழே போறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. பயமா இல்லைன்னு நெனச்சியா? கீழே இருக்கும்போது கைக்கு எட்டின தூரத்துக்கு மேல எதுவும் தெரியாது. பயத்தை நெனச்சா மூச்சு வேகமாப் போகும். அதனால நெனக்கறதில்ல. நீயும் நெனக்காதே."

பிறகு மூவரும் மில்காவ் தின்றோம்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் பண்ணை மேனேஜர் வால்தெமார் அவள் மேசைக்கு வந்து நின்றார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அனயீஸின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி அனுப்பியவர். "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"நல்லாப் போகுது, டோன் வால்தெமார்."

"சுரங்கத்தைப் பத்தி ஏதோ எழுதினியாமே. ஆரியெல் சொன்னான். என் சித்தி மகன்தான்." அவள் மேசையிலிருந்த பென்சில்களை ஒரே வரிசையாக அடுக்கினார். "உன் படிப்புக்குப் பாதிச் செலவு கம்பெனி குடுக்குது. எனக்கு அதுல பெருமைதான். ஆனா தெரியாத தொழிலைப் பத்தி எழுதறது எதுக்கு? தப்பாயிரும். தெரிஞ்சதைப் பத்தியும் எழுதாம இருக்கறது அதைவிட நல்லது."

அதை எனக்குச் சொல்லும்போது அவளுக்குப் பல் கிட்டியது. "அவர் என்னை மிரட்டவே இல்ல, கொமாத்ரே. பென்சிலை அடுக்கிட்டுப் போயிட்டாரு. அதுதான் பயமா இருக்கு."

ஆகஸ்டில் வடகாற்று எழுந்தது. ஆறு நாள் துறைமுகம் மூடிக் கிடந்தது. ஒரு படகும் போகவில்லை. தகரக் கூரைகள் இராப்பகலாகப் படபடத்தன. அந்த ஆறு நாளும் மாரிட்சா நிம்மதியாகத் தூங்கினாள். ஏழாம் நாள் கடல் தகடு மாதிரிக் கிடந்தது. கூண்டுகளின் அடியில் ஆறு நாள் செத்த மீன் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது. விட்டால் மற்ற மீனுக்கும் நோய் தொற்றும். ஒருவனுக்கு ஒரு குளி போதாது என்று எல்லோருக்கும் தெரியும்.

நொல்பெர்த்தோ நாலு முறை இறங்கினான். நாலாவது முறை மேலே வந்து உடுப்பைக் கழற்றும்போது வயிற்றில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் பூட்ஸைக் காலில் மாட்டினான். மாட்டினது தெரியவில்லை என்றான். எழுந்து நிற்கப் பார்த்து, மீன் தொட்டிகளுக்கு நடுவில் விழுந்தான்.

படகிலிருந்து அவனைத் தார்ப்பாயில் வைத்துத் தூக்கி வந்ததை மாரிட்சா ஜன்னலிலிருந்து பார்த்தாள். படி இறங்கி ஓடினாள். வால்தெமார் குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோறேன். அங்க பதிவுத்தாள் கேப்பாங்க. அடிச்சுக் குடு. ரெண்டு நிமிஷம்."

"நான் கூட வர்றேன்."

"தாள் இல்லாம அங்க எடுத்துக்க மாட்டாங்க, மாரிட்சா. நேரம் போகுது. ஒரே குளி. இருபத்தஞ்சு நிமிஷம். சீக்கிரம்."

அவள் அடித்தாள். புருஷன் வண்டியின் பின் இருக்கையில் கிடக்க, இவள் நின்றபடியே அவன் பெயரை அடித்து, பத்தொன்பது என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வண்டி போய்விட்டது. இவள் தெருவில் நின்றாள்.

ஆலைக்கு ஆள் வந்து சொல்லி நான் ரப்பர் ஏப்ரனோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனபோதும் அவள் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். வண்டியில் ஏறினதும் சொன்னாள், "அடிச்சுக் குடுத்துட்டேன்."

"எதை?"

"பத்தொம்பதுன்னு. கொமாத்ரே, அப்பக்கூட அடிச்சுக் குடுத்துட்டேன்."

ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். சாலை பல இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒரு முறை மட்டும் பேசினாள். "நான் உண்மையைச் சொன்னா அவன் என்னை மன்னிக்க மாட்டான். சொல்லலேன்னா அவனே இருக்க மாட்டானோ என்னவோ. கூட்டிப் பார்த்தாத் தெரியும்னு அந்தப் பையன் சொன்னான். எனக்குக் கூட்ட வரல."

ஆஸ்பத்திரியில் நீண்ட தாழ்வாரம். ஓரத்தில் ஒரு கட்டிலில் நொல்பெர்த்தோவைப் போட்டு மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் வால்தெமார், தொப்பியை முழங்கால் மேல் வைத்தபடி. டாக்டர் ஒரு இளம்பெண்; தலைமுடியைப் பேனாவால் செருகியிருந்தாள். கையில் மாரிட்சா அடித்த தாள்.

"நீங்க இவர் மனைவியா? உட்காருங்க. கால்ல உணர்ச்சி இல்ல. சிறுநீர் போகல. முக்குளிக்கறவங்களுக்கு ரத்தத்துல காற்றுக் குமிழ் அடைக்கற நோய்னு முதல்ல நெனச்சேன். அப்படீன்னா பின்கட்டுல அழுத்த அறை இருக்கு, உடனே உள்ள வைக்கணும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஆனா இந்தத் தாள்படி பார்த்தா பொருந்தல. பத்தொம்பது மீட்டர், ஒரே குளி, இருபத்தஞ்சு நிமிஷம். இதுல இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். விழுந்தாருன்னு சொல்றாங்க. முதுகெலும்புல அடிபட்டிருந்தா வேற வைத்தியம். படகுல அக்கரைக்கு அனுப்பிப் படம் எடுக்கணும்." தாளை மறுபடி பார்த்தாள். "இது சரிதானே?"

"சரிதான்," என்றார் வால்தெமார்.

டாக்டர் கட்டிலின் பக்கம் குனிந்தாள். "நொல்பெர்த்தோ, நீங்க சொல்லுங்க. எத்தனை மீட்டர்?"

அவன் கண் மாரிட்சாவைத்தான் பார்த்தது. அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். சொல்லாதே என்று கெஞ்சினான். கால் போய்க்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு அட்டைதான் கண் முன்னால் நின்றது.

"பத்தொம்பது," என்றான்.

மாரிட்சா எழுந்தாள். உடனே சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருமினாள். அவள் வாந்தி எடுக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"முப்பத்தி ஆறு," என்றாள்.

"என்ன?"

"முப்பத்தி ஆறு மீட்டர். ஒரு குளி இல்ல, நாலு. நடுவுல இடைவெளி அரை மணிகூட இருக்காது. அந்தத் தாளை நான்தான் அடிச்சேன். பொய்."

"பதட்டத்துல இருக்காங்க, டாக்டர்," என்றார் வால்தெமார். மெதுவாகத்தான் சொன்னார். "மாரிட்சா, உட்காரு. உன் கையெழுத்துதான் அதுல இருக்கு. என்ன பேசறோம்னு யோசிச்சுப் பேசு."

"என் கையெழுத்துதான். அதனாலதான் சொல்றேன். நாலு வருஷமா எல்லாத் தாளும் பொய். ஒண்ணுகூட நிஜமில்ல." அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கறுப்பின்னு இனிமே கூப்பிட வேண்டாம். பேசக்கூட வேண்டாம். அந்த அறைக்குள்ள போ."

நொல்பெர்த்தோ கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள், வேறு யார் கைக்கும் போகாதபடி. தாழ்வாரக் கடைசியைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

வால்தெமார் தொப்பியைப் போட்டுக்கொண்டார். எங்களைத் தாண்டும்போது நின்றார். "ஆறு குடும்பம்," என்றார்.

அழுத்த அறையில் அன்றைக்கு ஐந்து மணி நேரம், மறுநாள் மறுபடி, அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்துச் சிறுநீர் தானாகப் போனது. இரண்டு வாரத்தில் வலது கால் அசைந்தது. இடது கால் இன்றைக்கும் இழுத்துத்தான் வருகிறது. ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டுமே போயிருக்கும் என்றாள் டாக்டர்.

மற்றதெல்லாம் நொல்பெர்த்தோ சொன்னபடியே நடந்தது. கடற்படை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பண்ணையை நிறுத்தினார்கள். ஆறு அட்டைகளும் போயின. வால்தெமாரைக் கம்பெனி வேறெங்கோ மாற்றியது. மாரிட்சாவுக்கு வேலை போனதோடு, பொய்ப் பதிவு செய்ததற்காக விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு முக்குளிப்பவனின் பெண்டாட்டி அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள், "உன் புருஷன் காலுக்கு எங்க அஞ்சு வீட்டு அடுப்பை அணைச்சுட்டியே, இப்ப சந்தோஷமா?" மாரிட்சா ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டாள்.

நொல்பெர்த்தோ வீட்டுக்கு வந்து மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அனயீஸிடம் சொல்லி அனுப்புவான். ஒரு நாள் நான் போயிருந்தபோது, அடுப்புக்குப் போட விறகு எடுக்கக் குனிந்தவன் விழப் போனான். அவள் ஓடிவந்து தாங்கினாள். அவள் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு, "கால் கூசுது," என்றான். "இந்தக் கால். உணர்ச்சி வருது போல." மூன்று வாரத்தில் அதுதான் முதல் பேச்சு. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பயம் அதோடு தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை, அதிகமானது. கட்டணம் ஏற்கெனவே கட்டியிருந்ததால் நவம்பரில் ஒழுக்கவியல் தேர்வு எழுத வந்தாள். ஐந்து கேள்வி. ஆரியெல் பக்கம் பக்கமாக எழுதினான். அவள் ஒரே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடியதைப் பார்த்தேன். தாளை வாங்கிக்கொண்ட ரெனாத்தோ அதைப் படித்துவிட்டு, மற்றத் தாள்களின் மேல் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டியில் கேட்டேன். "என்ன எழுதின?"

"கட்டில்ல கிடந்தது நொல்பெர்த்தோ இல்லாம வேற ஒருத்தனா இருந்தா நான் சொல்லியிருப்பேனா, தெரியலன்னு எழுதினேன்."

"அது நடக்காத விஷயம். எதுக்கு அதையெல்லாம் போட்டு உழப்பிக்கற?"

"நடந்தது, கொமாத்ரே."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"செகுந்தோ ரெமோல்காய், எங்க பண்ணையில முக்குளிச்சவர். ரெண்டு வருஷம் முன்னாடி. இடுப்பு எலும்பு செத்துப் போச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆழத்துல வேலை பார்த்தவங்களுக்கு வர்றது. நஷ்ட ஈட்டு ஆபீஸ்ல பதிவுத்தாள் கேட்டாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எல்லாம் பதினெட்டு, பத்தொம்பது. இந்த ஆழத்துல இப்படி வராதுன்னு அவர் மனுவைத் தள்ளிட்டாங்க. அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்து சமைச்சேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஒண்ணும் தோணல. அதுதான் எனக்கு இப்ப நடுக்கமா இருக்கு. கடல் இல்ல. நான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

செகுந்தோவின் வீடு உட்புறத்தில், ஆட்டுப் பட்டிகளைத் தாண்டி. நாங்கள் போனபோது மேசை நிறைய விதைக்கிழங்கைக் கொட்டி, நட வேண்டியதையும் தின்ன வேண்டியதையும் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எழுந்திருக்கவில்லை, எழுந்திருப்பது அவருக்குப் பெரிய வேலை.

மாரிட்சா உட்காரவில்லை. மூன்று முறை பேச ஆரம்பித்து மூன்று முறையும் நிறுத்தினாள். நாலாவது முறை சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும், சீட்டுகளை அடுப்பில் போட்டதுவரை.

அவர் கையிலிருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "தாளுக்குக் கீழே உன் பேர் இருந்துச்சே. எனக்குப் படிக்கத் தெரியும்."

"ஏன் வந்து கேக்கல?"

"கேட்டா நீ என் முகத்தைப் பார்த்துப் பத்தொம்பதுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னுதான்." கிழங்கை நடுகிற குவியலில் போட்டார். "இப்ப எதுக்கு வந்த? எங்கிட்ட சொல்லிட்டு நீ தூங்கறதுக்கா?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்ல. அந்த ஆபீஸ்ல வந்து சொல்றதுக்கு. எழுதியும் குடுக்கறேன். ஏற்கெனவே என் மேல ஒரு கேஸ் இருக்கு. இதோட ரெண்டாகும். வக்கீலும் போகாதீங்கன்னுதான் சொல்றாரு. ரொம்பப் பயமா இருக்கு. தள்ளிப் போட்டா மனசு மாறிரும். அதனால இன்னைக்கே."

செகுந்தோ சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"ஒரு மணிக்கு அடைச்சுருவாங்க," என்றார். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மாரிட்சா தாங்கப் போனாள். கையைக் காட்டி நிறுத்தினார். ஆணியில் தொங்கிய கோட்டைத் தானே எட்டி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் வண்டியில எடம் இருக்கா, எல்பா?"

"இருக்கு," என்றேன்.

அவரை முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார வைத்தோம். மாரிட்சா பின்னால் ஏறினாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து அவள் பற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செகுந்தோவுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, ஹீட்டரின் குமிழை எட்டிப் பிடித்து, போகும் மட்டும் திருகி வைத்தார்.